காக்கைக்கும் ஒரு கணக்கு: வாசகர் கேள்வி - பதில்

உயிர்கள் எப்படிக் கற்கின்றன, மறக்கின்றன, எந்த வழியைத் தேர்கின்றன என்பதைக் கணிதமாக எழுதுவது பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கே: கூழ் வடகம் பிழிந்து மொட்டை மாடியில் காயவைக்கிறோம். காக்கைக்குப் பயந்து கறுப்புத் துணி கட்டினால் இரண்டு நாள்தான் மரியாதை. மூன்றாம் நாள் அந்தத் துணி மேலேயே உட்கார்ந்து வடகத்தை நோட்டம் பார்க்கிறது. இதற்கெல்லாம் கணக்கு உண்டா? துணியோடு ஒரு மணியும் கட்டினால் பயன் இருக்குமா?
— வாசகி, தேவகோட்டை

ப: உண்டு. அதுவும் ஒரே வரிக் கணக்கு:

புதிய எதிர்பார்ப்பு = பழைய எதிர்பார்ப்பு + ஆல்ஃபா × (நடந்தது − பழைய எதிர்பார்ப்பு)

அடைப்புக்குள் இருப்பது ஏமாற்றத்தின் அளவு. ஆல்ஃபா என்பது அந்த ஏமாற்றத்தில் எத்தனை பங்கை மனத்தில் ஏற்றிக்கொள்கிறோம் என்பது. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண். 1951-இல் ராபர்ட் புஷ், ஃப்ரெடரிக் மாஸ்டெல்லர் இருவரும் இந்த வகைக் கணக்கை முன்வைத்தார்கள். 1972-இல் ராபர்ட் ரெஸ்கார்லாவும் ஆலன் வாக்னரும் அதை விரித்தார்கள்.

உங்கள் காக்கைக்கு வருவோம். துணியை முதலில் பார்க்கும்போது அதன் பயம் 0.8 என்று வையுங்கள். ஆல்ஃபா 0.3. துணி ஒன்றும் செய்யவில்லை என்பதால் 'நடந்தது' 0. ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் பயம் 0.7 மடங்காகக் குறையும்: 0.8, 0.56, 0.39, 0.27. வடகத்தின் மேல் உள்ள ஆசை 0.3 என்றால், மூன்று முறை சேதமில்லாமல் வந்து போன காக்கை நான்காம் முறை இறங்கிவிடும்.

இப்போது ஒருவர் கம்போடு மாடியேறி உண்மையிலேயே விரட்டுகிறார். அந்த ஒரு முறைக்கு 'நடந்தது' 1. பயம் 0.27-லிருந்து 0.49-க்கு ஏறும். அடுத்த இரண்டு வருகையில் 0.34, 0.24 என்று மறுபடி சரியும். ஆக, மூன்று வருகைக்கு ஒரு தடவையாவது ஆள் வர வேண்டும். காரணம் எளிது: இந்தக் கணக்கில் எதிர்பார்ப்பு கடைசியில் போய் நிற்கும் இடம், விரட்டு விழுந்த விகிதம்தான். பத்துக்கு ஒன்று விரட்டினால் பயம் 0.1-ஐச் சுற்றியே அலையும். துணியை எத்தனை கறுப்பாக வாங்கினாலும் சரி.

கணக்கு தவறும் இடம் ஒன்று உண்டு. இதன்படி பயம் தேய்ந்தால் தேய்ந்ததுதான். ஆனால் சில நாள் இடைவெளி விட்டால் தேய்ந்துபோன பழக்கம் ஓரளவு தானாகத் திரும்பும் என்பதைப் பாவ்லோவ் தம் நாய்களிடமே கண்டார். பழையது அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று ஏறி உட்காருகிறது. அதனால் வடகம் இல்லாத நாளில் துணியை அவிழ்த்து உள்ளே வையுங்கள். கட்டும் இடத்தையும் மாற்றுங்கள். வருடம் முழுக்கக் கொடியில் தொங்கும் துணி காக்கைக்குச் சுவர் மாதிரி.

மணி விஷயம்: துணியைக் கண்டதுமே விரட்டு வரும் என்று காக்கை முழுதாகக் கற்றுவிட்டிருந்தால் மணியால் கூடுதல் பயன் இல்லை. இரண்டு அடையாளங்களின் எதிர்பார்ப்பையும் கூட்டித்தான் நடந்ததோடு ஒப்பிடுகிறோம். துணியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஏமாற்றம் 0, மணியின் பங்கும் 0. லியோன் காமின் இதை 1960-களில் எலிகளிடம் காட்டினார். உங்கள் வீட்டில் துணி தோற்றுவிட்டதால் மணிக்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது. ஆனால் மணி ஒலித்த பின் ஆள் வர வேண்டும். ஆள் வராத மணிக்கும் இரண்டு நாள் மரியாதைதான்.

கே: பழைய வீட்டின் இரண்டாங்கட்டுச் சாமான் அறையில் எலித் தொல்லை. மருந்து வைத்தால் ஒரு முறை தின்கிறது, பிறகு அந்தப் பக்கமே திரும்புவதில்லை. எலிக்கு ஆல்ஃபா எவ்வளவு?
— வாசகர், பள்ளத்தூர்

ப: வயிற்றுக்கு ஒவ்வாத உணவு என்றால் கிட்டத்தட்ட 1. ஒரே தடவை போதும். ஆனால் எலிக்கு ஒரே ஓர் ஆல்ஃபா என்று எழுதிவிட முடியாது என்பதுதான் இதில் சுவையான சங்கதி. 1966-இல் ஜான் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் எலிகளுக்கு இனிப்பு நீரோடு விளக்கும் ஓசையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னர் குமட்டல் வந்த எலிகள் இனிப்பை வெறுத்தன. மின் அதிர்ச்சி வாங்கிய எலிகளோ விளக்குக்கும் ஓசைக்கும் பயந்தன, இனிப்பை விடவில்லை. எந்த அடையாளம் எந்த விளைவோடு ஒட்டும் என்பதைப் பொறுத்து ஆல்ஃபா மாறுகிறது. சுவைக்கும் குமட்டலுக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி விழுந்தாலும் ஒட்டிக்கொள்கிறது.

வேகமாக வேலை செய்யும் மருந்து தோற்பது இதனால்தான். எலி புதுப் பண்டத்தைக் கொஞ்சமாகக் கொறிக்கும். சாகாமல் நோயோடு தப்பினால் அந்தச் சுவையையே ஒதுக்கிவிடும். 0.005 சதவீத புரோமடியோலோன் என்ற எலிமருந்துக் கட்டி, இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்தே கொல்லும். நோய்க்கும் தீனிக்கும் முடிச்சுப் போட எலியால் முடியாது. பொறி வைப்பதானால் முதல் மூன்று நான்கு நாள் விசையை இழுக்காமல் வெறும் தீனி வையுங்கள், பயம் தேயட்டும். பிறகு விசையை இழுங்கள். துத்தநாகப் பாஸ்பைடு என்ற எலிமருந்து வீட்டுக்குள் வேண்டாம், ஈரம் பட்டால் நச்சு வாயு. செத்த எலியை பூனை, நாய் தின்னாதபடி உடனே புதைத்துவிடவும்.

கே: எங்கள் தெருப் பூனைக்கு ஒரு வீட்டில் மீன் கழிவு அடிக்கடி கிடைக்கும். எதிர்வீட்டில் எப்போதாவதுதான். நல்ல வீட்டிலேயே இருந்துவிடாமல் எதிர்வீட்டுக்கும் ஏன் போய் வருகிறது? கற்கவில்லையா?
— வாசகி, கானாடுகாத்தான்

ப: நன்றாகவே கற்றிருக்கிறது. முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வைத்த கழிவு பூனை வரும்வரை அங்கேயே கிடக்குமா, இல்லை காக்கை கொத்திப் போய்விடுமா?

கிடக்கும் என்று வைப்போம். முதல் வீட்டில் ஒரு நாளில் கழிவு விழ வாய்ப்பு மூன்றில் ஒன்று; எதிர்வீட்டில் ஆறில் ஒன்று. பூனை ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்குத்தான் போகும். நேற்றுப் போன முதல் வீட்டுக்கே இன்றும் போனால் கிடைக்க வாய்ப்பு 0.33. எதிர்வீட்டுக்குக் கடைசியாகப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தால் 1 − (5/6 × 5/6) = 0.31. இன்னும் முதல் வீடுதான் மேல். மூன்று நாள் ஆகிவிட்டால் 0.42, எதிர்வீடு முந்திவிடுகிறது. எதிர்வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் முதல் வீட்டில் இரண்டு நாள் சேர்ந்து 0.56 ஆகியிருக்கும். ஆக, சிறந்த வழி முதல் வீடு, முதல் வீடு, எதிர்வீடு, மறுபடி முதல் வீடு, முதல் வீடு, எதிர்வீடு. இப்படிப் போனால் 30 நாளில் சராசரியாக 13 நாள் விருந்து. முதல் வீட்டிலேயே கிடந்தால் 10 நாள்தான்.

போகவில்லை என்றால் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். கேட்காத கடனுக்கு வட்டி ஏறுவது போல என்றால், உங்கள் ஊரில் மேலும் விளக்கத் தேவையில்லை.

கவனியுங்கள்: கழிவு விழும் விகிதம் 2:1, போகும் விகிதமும் 2:1. ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன் 1961-இல் புறாக்களிடம் கண்ட பொருத்த விதி இதே வடிவம்தான்: எந்தப் பக்கம் எத்தனை பங்கு தீனி கிடைத்ததோ அந்தப் பக்கம் அத்தனை பங்கு கொத்து. அவர் சோதனையில் சிறு நுணுக்கம் ஒன்று இருந்தது. பக்கம் மாறியதும் 1.5 விநாடிக்குத் தீனி வராது. அந்தத் தடை இல்லாவிட்டால் பக்கம் மாறியதற்கே கூலி கிடைப்பதாகப் புறா எடுத்துக்கொண்டு, இரு பக்கமும் மாறி மாறிக் கொத்தும். விகிதம் கலைந்துவிடும்.

காக்கை கொத்திப் போகும் தெருவாக இருந்தால் கதை வேறு. எதிர்வீட்டில் வாய்ப்பு சேராது, என்றும் ஆறில் ஒன்றுதான். அங்கே 2:1 என்று போகும் பூனை நட்டப்படுகிறது.

கே: பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தி அறிவியல் வரையறைகளை ராத்திரி ஒப்பிக்கிறாள், காலையில் காணோம். '20 நிமிடத்தில் 42 சதவீதம் மறந்துவிடும்' என்று ஒரு படம் சுற்றுகிறது. உண்மையா? எத்தனை நாளுக்கு ஒரு முறை திருப்ப வேண்டும்?
— ஓர் ஆச்சி, காரைக்குடி

ப: எண் உண்மை, பொருள் தவறு. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்டது எவ்வளவு நினைவில் நின்றது என்ற கணக்கு அல்ல. மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்ற கணக்கு. முதல் முறை 1000 விநாடி பிடித்த பட்டியல் மறுநாள் 660 விநாடியில் ஏறிவிட்டால் மிச்சம் 34 சதவீதம். அவருக்கு 20 நிமிடத்தில் மிச்சம் 58, ஒரு நாளில் 34, ஆறு நாளில் 25, 31 நாளில் 21. அதுவும் பொருளே இல்லாத அசைகளை, தம் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிப் பார்த்தது. பேத்தி காலையில் ஒன்றும் சொல்ல முடியாமல் விழித்தாலும் மிச்சம் பூஜ்யம் ஆகாது. இரண்டாம் முறை சீக்கிரம் ஏறும்.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். முதல் நாளில் சரிவு செங்குத்து, பிறகு கிட்டத்தட்டச் சமதளம். ஒரே வேகத்தில் தேயும் கணக்கு இந்த வடிவத்தைத் தராது. பாதி வரையறைகள் சீக்கிரம் தேய்ந்து ஒரு நாளில் 37 சதவீதமே நிற்கின்றன, மறுபாதி மெதுவாகத் தேய்ந்து 90 சதவீதம் நிற்கின்றன என்று வையுங்கள். முதல் நாள் முடிவில் சராசரி 64. அதே வேகம் நீடித்தால் பத்தாம் நாள் 1 சதவீதம்தான் இருக்க வேண்டும். உண்மையில் மெதுவான பாதி தாங்கிப் பிடித்து 17 சதவீதம் நிற்கும். சராசரியை மட்டும் பார்த்து 'மூளை இந்தச் சூத்திரப்படி மறக்கிறது' என்று எழுதுவதில் உள்ள வழுக்கல் இதுதான். பல வேகங்களின் கலவையும் அதே வளைவைத் தரும்.

நாள் கணக்குக்கு வருவோம். 1987-இல் பியோட்ர் வோஸ்னியாக் அமைத்த எஸ்எம்-2 முறை இன்றும் வேலைக்கு ஆகும். ஒவ்வொரு வரையறையும் ஒரு சீட்டு: முன்புறம் கேள்வி, பின்புறம் விடை. முதல் திருப்பல் 1 நாள் கழித்து, அடுத்தது 6 நாள் கழித்து, பிறகு முந்தைய இடைவெளியை 2.5-ஆல் பெருக்க வேண்டும்: 15, 38, 95. தடுமாறிச் சொன்ன சீட்டுக்குப் பெருக்கெண்ணை 0.14 குறையுங்கள், தயங்காமல் சொன்னதற்கு 0.1 கூட்டுங்கள்; 1.3-க்குக் கீழே மட்டும் போகவிடாதீர்கள். அடியோடு மறந்தால் மறுபடி 1 நாளிலிருந்து. நான்கு திருப்பலுக்கு 1 + 6 + 15 + 38 = 60 நாள் வேண்டும். பரீட்சைத் தேதியிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, அதற்குள் புதுச் சீட்டு எழுதி முடித்துவிட வேண்டும். வழக்கமாகக் கெடுவது எங்கே என்றால், சீட்டைத் திருப்பி விடையைப் பார்த்துவிட்டு 'தெரியும்' என்று போட்டுக்கொள்வதில். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும். பக்கத்தில் ஆச்சி உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

கே: வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு வருடம் வெடித்தாலோ, கண்மாய் வற்றினாலோ பறவைகள் இடத்தை மறந்துவிடுமா?
— வாசகர், திருப்பத்தூர்

ப: கணக்கு சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். 'இந்தக் கண்மாய் நல்லது' என்ற எதிர்பார்ப்பு 1 என்று இருக்கும்போது ஒரு வறண்ட வருடம் வந்தால், ஆல்ஃபா 0.1 உள்ள உயிருக்கு அது 0.9 ஆகும், 0.5 உள்ள உயிருக்குப் பாதியாகும். தொடர்ந்து மூன்று வருடம் வறண்டால் முதலாவதுக்கு 0.73, இரண்டாவதுக்கு 0.125. முன்னது பிடிவாதம், பின்னது சபலம். எது கெட்டிக்காரத்தனம் என்று உயிரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, ஊரையும் பார்க்க வேண்டும். மழை எப்போதாவது பொய்க்கும் ஊரில் ஒரு வருட வறட்சிக்காக இடத்தைக் கைவிடுவது மடமை. கண்மாயே மேடாகிப்போன ஊரில் பத்து வருட நினைவைச் சுமப்பது மடமை.

இதையும் எண்ணாக்கலாம். வருடத்துக்கு வருடம் வரும் தற்செயல் ஆட்டத்தில் ஆல்ஃபா ÷ (2 − ஆல்ஃபா) பங்கு எதிர்பார்ப்புக்குள் புகுந்துவிடும். 0.1-க்கு அது 19-இல் ஒரு பங்கு, 0.5-க்கு மூன்றில் ஒரு பங்கு. ஆல்ஃபாவைக் குறைத்தால் ஆட்டம் அடங்கும், ஆனால் உண்மையான மாற்றத்தைப் பிடிக்க நாளாகும். கற்கும் வேகமும் மறக்கும் வேகமும் இந்தக் கணக்கில் ஒரே எண். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. மறதியைக் குறை என்று நினைப்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். டிமதி பெரன்ஸ் குழு 2007-இல் காட்டியபடி, மனிதர்கள் சூழல் அடிக்கடி மாறும்போது ஆல்ஃபாவைத் தாமாகவே உயர்த்திக்கொள்கிறார்கள்.

பட்டாசை மட்டும் இந்த ஒரு வரிக்குள் அடைக்காதீர்கள். மெல்லிய ஓசை பழகப் பழகத் தேயும். பெரும் வெடியோ உடலையே உலுக்கி, அடுத்து வரும் சின்ன ஓசைக்கும் திடுக்கிட வைக்கும். இரண்டும் தனித்தனி இயக்கங்கள் என்று குரோவ்ஸும் தாம்சனும் 1970-இல் எழுதினார்கள். 'நாலு நாள் வெடித்தால் பழகிவிடும்' என்பது இங்கே எடுபடாது. ஊர்க்காரர்கள் செய்வது சரி.

கே: இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் சில நேரம் பரிசு கிடைக்கும் சோதனை வைத்து, எக்ஸெல்லில் ஆல்ஃபாவைக் கணித்தேன். ஒருவருக்கு 1.3 வந்தது. இன்னொருவருக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை. எங்கே தவறு?
— முதுகலை மாணவி, காரைக்குடி

ப: மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது, எல்லை. ஆல்ஃபா 1-ஐத் தாண்டினால் எதிர்பார்ப்பு இலக்கைத் தாண்டிக் குதித்துத் திரும்பும். 2-ஐத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றும் ஆட்டம் பெருத்து வெடிக்கும். எக்ஸெல்லில் சிறந்த எண்ணைத் தேடித் தரும் சால்வரில் 0, 1 என்று எல்லை போடுங்கள். போட்ட பிறகும் 1-இல் போய் முட்டிக்கொண்டு நின்றால், அந்த ஆள் கிடைத்தது கிடைக்காததைப் பார்க்காமல் வலது, இடது என்று மாறி மாறி அழுத்துபவராக இருக்கக்கூடும். அதற்குத் தனியாக 'முன் அழுத்தியதையே அழுத்தும் அல்லது மாற்றும் பழக்கம்' என்று ஓர் உறுப்பைச் சேர்த்தால் ஆல்ஃபா பாவம் தப்பிக்கும்.

இரண்டாவது, பீட்டா: எதிர்பார்ப்பு கூடிய பொத்தானையே ஒருவர் எத்தனை கறாராகத் தேர்கிறார் என்பதன் எண். முதல் பொத்தானை அழுத்தும் வாய்ப்பு = 1 ÷ (1 + எக்ஸ்பி(−பீட்டா × வித்தியாசம்)). எதிர்பார்ப்பு வித்தியாசம் 0.4 என்றால், பீட்டா 1-க்கு வாய்ப்பு 0.60, 5-க்கு 0.88, 20-க்கு 0.9997. குறைந்த ஆல்ஃபாவும் பெரிய பீட்டாவும் சேர்ந்து தரும் வரிசை, கூடிய ஆல்ஃபாவும் சிறிய பீட்டாவும் தருவதைப் போலவே தோன்றலாம். சால்வர் எங்கிருந்து கிளம்பியதோ அதற்கேற்ற பள்ளத்தில் விழும். உங்கள் மாறும் விடைக்கு இதுதான் காரணமாக இருக்கும். இருபது வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டி, மிகச் சிறந்ததை எடுங்கள். அதற்கு முன் ஆல்ஃபா 0.3, பீட்டா 5 என்று நீங்களே ஒரு பொய் ஆளை உருவாக்கி, 200 தேர்வு செய்ய வைத்து, அதே முறையில் கணித்துப் பாருங்கள். 0.3-க்குப் பக்கத்தில்கூட வராவிட்டால் உண்மை ஆளிடம் போகவே வேண்டாம். பொய் ஆளுக்கு தற்செயல் எண் தரும் ரேண்ட் சூத்திரம் போட்டிருந்தால் எண்களை மதிப்பாக ஒட்டிவிடுங்கள். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அது புது எண் போட்டுக்கொள்ளும்.

மூன்றாவது, ஒப்பீடு. கண்ணை மூடிக்கொண்டு அழுத்துபவருக்கு 200 தேர்வின் மடக்கை வாய்ப்பு (ஒவ்வொரு தேர்வுக்கும் உள்ள வாய்ப்பின் மடக்கைகளைக் கூட்டியது) 200 × மடக்கை(0.5) = −138.6 (இயல் மடக்கை). ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு அளவுருக்களுக்கு அகாய்கே அளவுகோல் கேட்கும் தண்டம் போக, உங்கள் மாதிரி −136.6-க்கு மேலே வந்தால்தான் அந்த ஆள் எதையாவது கற்றார் என்று பேசலாம். வராதவருடைய ஆல்ஃபா வெறும் எண்.

கே: எதிராளி செய்ததையே திருப்பிச் செய்வதுதான் சிறந்த உத்தி என்கிறார்களே?
— வாசகர், குன்றக்குடி

ப: மொய் நோட்டைப் பார்த்து, அவர்கள் எழுதிய அளவே திருப்பி எழுதுவது அந்த உத்திதான். ராபர்ட் ஆக்செல்ராட் 1980 வாக்கில், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று இருவர் திரும்பத் திரும்பத் தேரும் ஆட்டத்தை வைத்து நடத்திய கணினிப் போட்டிகளில் அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய அந்த எளிய உத்தி வென்றது. அதன் பலவீனம் கைத்தவறு. ஒருவர் தவறுதலாக ஒரு மொய்யை விட்டுவிட்டால் அடுத்த விசேஷத்தில் இவர் விடுவார், அதற்கடுத்து அவர் விடுவார், முடிவே இல்லை. நோவாக்கும் சிக்மண்டும் 1993-இல் ஆராய்ந்த 'வென்றால் தொடர், தோற்றால் மாறு' உத்தியில் அந்தத் தவறு தானே சரியாகும். முதல் சுற்றில் ஒருவர் மட்டும் விடுகிறார். விட்டவருக்கு லாபம், அதையே தொடர்கிறார். எழுதி ஏமாந்தவர் மாறுகிறார், அடுத்த சுற்றில் இருவருமே எழுதவில்லை. இருவருக்கும் நட்டம், இருவரும் மாறுகிறார்கள். மூன்றாம் சுற்றில் இரண்டு நோட்டிலும் மொய் ஏறிவிடுகிறது.